உத்தியோக உயர்வு என்றால் என்ன?

(கடையநல்லூரில், தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்கப்போகும் ஓர் ஆசிரியைக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டம் எதற்காகக் கூட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 22 வருஷமாகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து வந்த அம்மையார், வருகிற திங்கட்கிழமை முதல் அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆகிறார். நமக்கு முன் பேசிய தோழர்கள் எல்லோரும் அவரைத் தாராளமாகப் புகழ்ந்துவிட்டார்கள். சால்வைகளும் வேண்டிய அளவுக்குப் போட்டாய்விட்டது. இனி நாமும் புகழ ஆரம்பித்தால் அம்மையாருக்கும் கூச்சம், உங்களுக்கும் நேரம் நஷ்டம். ஆகையால் நாம் வேறொரு வேலை செய்யலாமென்று நினைக்கிறோம். "உத்தியோக உயர்வு, உத்தியோக உயர்வு" என்கிறோமே, அதில் உயர்வது எது, யாருக்கு உயர்வு என்பதைப்பற்றிக் கொஞ்சம் பேசலாமென்று வந்திருக்கிறோம்.

நாம் பள்ளிக்கூடத்தைப்பற்றிப் பேச யோக்கியதை உள்ளவர்தானா என்று சிலர் கேட்கலாம். நமது படிப்பு நான்காம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் நாம் படித்ததெல்லாம் தறிக்கூடத்திலும் டீக்கடையிலும் வாசகசாலையிலும்தான். ஆனால் நோயைப்பற்றி வைத்தியர் ஒருவர்தான் பேசலாம் என்றால், நோயாளி தன் வலியை யாரிடம் போய்ச் சொல்லுவது? பள்ளிக்கூடத்தால் வளர்ந்தவர்கள் அதைப்பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனும் ஒருநாள் பேசிப் பார்க்கட்டுமே என்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தறி தெரிந்த ஊர் இது. ஆகையால் தறியை வைத்தே சொல்லுகிறோம். நல்ல நெசவாளி ஒருவன் இருக்கிறான். பாவில் ஓர் இழை அறுந்தால், கண் பார்ப்பதற்கு முன் அவன் கைக்குத் தெரிந்துவிடும். அவனைத் தறிக்கூடத்துக்கு மேஸ்திரி ஆக்குகிறார்கள். மறுநாள் முதல் அவன் பார்க்கவேண்டியது ஒரு தறியை அல்ல, நாற்பது தறியை. பழைய ருசி விடாமல் அவன் தன் தறியிலேயே போய் உட்கார்ந்துகொண்டால் கூடம் கெட்டுப்போகும். "நான் மேஸ்திரி ஆகிவிட்டேன், இனி நாடாவைத் தொடமாட்டேன்" என்று கணக்குப் புத்தகத்தோடு மேஜைக்குப் போய்விட்டால், அப்போதும் கூடம் கெட்டுப்போகும். நெசவை மறக்காமலும் நெசவிலேயே முழுகாமலும் இருக்கத் தெரிந்தவன்தான் மேஸ்திரி. இது ஒரு வேலையிலிருந்து வேறொரு வேலைக்கு மாறுவது. சம்பளத்தில் கொஞ்சம் கூடலாம். ஆனால் வேலை தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அது உயர்வு அல்ல, அம்பலம்தான்.

நிற்க. இந்தக் கூட்டத்துக்கு வருமுன் ஒரு சங்கதி நம் காதில் விழுந்தது. திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலமாம். அதனால் அம்மையார் ஒன்பது மணிக்குமேல்தான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவேண்டும் என்று ஒரு ஜோசியர் சொல்லியிருக்கிறாராம். இன்னொரு பெரியவர், பழைய தலைமை ஆசிரியருக்கு உடம்பு சுகமில்லாமல் போனதற்குக் காரணம் நாற்காலி தெற்கே பார்த்திருந்ததுதான், ஆகவே அதைக் கிழக்கே திருப்பிப்போட்டுத் தேங்காய் உடைக்கவேண்டும் என்றாராம். அவர்கள் அம்மையாருக்குக் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அன்பினாலேதான் சொன்னார்கள். அன்பு வேறு, அறிவு வேறு. அன்பினால் சொன்னார் என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

இதற்கு நாம் பெரிய சாஸ்திர விசாரணை செய்யவேண்டியதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் அடுப்பங்கரையைப் பார்த்தாலே போதும். 2022ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் ஆரம்பித்துவைத்து, முதலில் 1545 அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும், 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள். அந்தச் சிற்றுண்டியைப் பிள்ளைகள் சாப்பிடுவது எப்போது? பாடம் தொடங்குவதற்கு முன், மணி ஒன்பது அடிக்குமுன். அப்படியானால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்த நாட்டிலுள்ள லட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகள் ராகுகாலத்தில்தான் உப்புமா சாப்பிடுகிறார்கள்! அந்த உப்புமா எந்தக் குழந்தையின் வயிற்றிலாவது ஜீரணமாகாமல் நின்றதா? ராகு வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டானா? பசித்த பிள்ளைக்கு ராகுகாலம் இல்லை என்றால், அந்தப் பிள்ளையைக் கவனிக்கவேண்டிய தலைமை ஆசிரியைக்கு மட்டும் ராகுகாலம் எங்கிருந்து வந்தது? அவர் ஒன்பது மணிக்குமேல் நல்ல நேரம் பார்த்து நுழைந்தால், சிற்றுண்டி வெந்ததா வேகவில்லையா, எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்ததா, யாரையாவது தனியே உட்காரவைத்தார்களா என்று பார்ப்பது யார்? முதல் நாளே பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் போவதுதான் கெட்ட நேரம் என்று நாம் சொல்லுவோம்.

நாற்காலி விஷயமும் இப்படித்தான். அது தெற்கே பார்க்கிறதா கிழக்கே பார்க்கிறதா என்பது நமக்கு முக்கியமில்லை. அதில் உட்கார்ந்திருப்பவர் பிள்ளைகளைப் பார்க்கிறாரா என்பதுதான் முக்கியம். ஜன்னல் வெளிச்சத்துக்காக வேண்டுமானால் திருப்பிப் போட்டுக்கொள்ளட்டும். அது கண்ணுக்காவது நல்லது.

தோழர்களே! தலைமை ஆசிரியர் என்கிற உத்தியோகத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நம் தலைமேலேயே விழுந்து தெரிந்துகொண்டோம். சுமார் 35 வருஷத்துக்கு முந்திய சங்கதி. அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் அந்த மனிதரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவரைத் தூற்றுவது நமது நோக்கமல்ல. நமது தகப்பனாருக்கு உடம்பு சரியில்லாமல் போய், வீட்டில் தார் சுற்ற ஆளில்லாமல், நாம் ஒரு மாதத்துக்குமேல் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு தாயார் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியர் பதிவேட்டைப் புரட்டி, பேரை அடித்தாய்விட்டது என்றார். தாயார் கெஞ்சினார்கள். "நெய்கிறவன் மகனுக்குத் தறி போதும், பள்ளிக்கூடம் எதற்கு?" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்.

அப்போது நமது வகுப்பு ஆசிரியை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நம்மேல் மிகுந்த பிரியமுள்ளவர். வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னதற்காகத் தம் கைக்காசில் நமக்கு ஒரு பென்சில் வாங்கிக்கொடுத்தவர். அவர் முகம் வாடிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் சொல்லவில்லை. தலைகுனிந்துகொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நாமும் தாயாரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். நமது பள்ளிக்கூட வாழ்வு அத்தோடு முடிந்தது.

அந்த ஆசிரியைமேல் நமக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர் கையில் பேனா இல்லை, அவ்வளவுதான். பேரை அடிக்கும் பேனாவும் பேரை எழுதும் பேனாவும் இன்னொருவர் மேஜையில் இருந்தது. நல்ல ஆசிரியராக இருப்பதால் மட்டும் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியாது என்பதை அன்று நாம் கண்டோம். இன்று நாம் பாராட்டுகிற அம்மையார் இத்தனை வருஷமாக அந்த வாசற்படியில் நின்றவர். எத்தனை பிள்ளைக்காக எத்தனை தடவை வாயெடுத்துச் சொல்லாமல் போனாரோ, அது அவருக்குத்தான் தெரியும். வருகிற திங்கட்கிழமை அவர் வாசற்படியிலிருந்து மேஜைக்குப் போகிறார். பேனா அவர் கைக்கு வருகிறது. உத்தியோக உயர்வு என்று நாம் எதையாவது ஒப்புக்கொள்வதானால், இதை ஒன்றைத்தான் ஒப்புக்கொள்வோம்.

அந்தப் பேனாவுக்கு இப்போது சட்டமும் துணை நிற்கிறது. 2009இல் பார்லிமெண்டில் நிறைவேறி 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். அதன்படி தொடக்கக் கல்வி முடியும்வரையில் எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது. வயதுக்குச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக்கூடாது. இடையில் நின்றுபோன பிள்ளை திரும்பி வந்தால், அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது. மாற்றுச் சான்றிதழ் கேட்டால் உடனே கொடுக்கவேண்டும். தாமதம் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை யார் பேரில்? உதவி ஆசிரியர் பேரில் அல்ல, தலைமை ஆசிரியர் பேரில்தான் என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது. 35 வருஷத்துக்கு முன் இது இருந்திருந்தால் நமது தாயார் கெஞ்சியிருக்கவேண்டியதில்லை, கேட்டிருக்கலாம். ஆனால் தோழர்களே, சட்டம் அலமாரியில் தூங்கினால் பிள்ளை தெருவில்தான் நிற்கும். சட்டத்தை எழுப்புகிறவர் யார்? அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.

சில பேர் சொல்லுவார்கள்: "நான் சிறிய உத்தியோகஸ்தன், மேலே எத்தனையோ அதிகாரிகள் இருக்கிறார்கள், நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?" என்று. இது சோம்பேறியின் சித்தாந்தம். நெ.து. சுந்தரவடிவேலு அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் உத்தியோகஸ்தர்தான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தவர். 1954இல் காமராஜர் காலத்தில் கல்வித்துறை இயக்குநர் ஆனார். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது என்பது அதற்கு முன்னும் தெரிந்த விஷயம்தான். 1920லேயே, பிட்டி தியாகராயர் தலைவராயிருந்தபோது, சென்னை நகரசபையார் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவுசெய்து உணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். அந்த ஓரணாச் சோறு 1956இல் நாட்டுப்புறத்துக்கு வந்தது. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டியும் ஆனது. ஒவ்வொரு படியிலும் மேலே உத்தரவு போட்டவர் ஒருவர் இருந்தால், கீழே அதை நடத்திக்காட்டிய தலைமை ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உத்தரவு காகிதத்தில் இருக்கும். சோறு தட்டில் இருக்கவேண்டும். காகிதத்தைத் தட்டாக்குகிற வேலைதான் தலைமை ஆசிரியர் வேலை.

இனி, சொல்லக் கசப்பானதும் சொல்லாமல் விடமுடியாததுமான ஒன்று. நமது தென்காசி மாவட்டத்திலேயே, பாஞ்சாகுளம் என்கிற ஊரில், 2022 செப்டம்பரில், பள்ளிக்கூடம் போகும் தாழ்த்தப்பட்ட குழந்தைகள் பெட்டிக்கடைக்குப் போய் மிட்டாய் கேட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்குக் கொடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதை நாடு முழுவதும் படத்தில் பார்த்தது. அடுத்த வருஷம், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு அடுத்த மாதம், தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், காலைச் சிற்றுண்டி சமைத்தவர் தாழ்த்தப்பட்ட பெண் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் செய்தார்கள். கனிமொழி அவர்கள் முதலியோர் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்த மூன்றும் எங்கேயோ வடதேசத்தில் நடந்ததல்ல. பஸ் ஏறினால் போய்ச்சேரக்கூடிய தூரத்தில் நடந்தவை.

அரிவாளை எடுத்த அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே ஜாதியைத் தெரிந்துகொண்டா பிறந்தார்கள்? கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த நாளில், அந்தக் கயிறு எதற்கு என்று கேட்டவர் யார்? கேட்கவேண்டியவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனால் என்ன ஆகும்? நாங்குநேரிக்குப் பிறகு அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி இவைகளைப் பள்ளியில் தடுக்கவேண்டும். பள்ளிக்கூடங்களின் பெயரில் ஜாதிப்பெயர் இருக்கக்கூடாது. பிள்ளைகளைப் பெயரின் எழுத்து வரிசைப்படி உட்காரவைக்கவேண்டும். வருகைப் பதிவேட்டில் ஜாதி தெரியும்படி ஒன்றும் இருக்கக்கூடாது. ஒரு வட்டாரத்தில் எந்த ஜாதி பெருத்திருக்கிறதோ அந்த ஜாதியாரையே அங்கே தலைமை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடக்கூடாது என்றெல்லாம் அதில் யோசனை சொல்லியிருக்கிறார். அறிக்கையைப்பற்றி ஆதரவும் எதிர்ப்பும் பலமாக நடந்தன. நாம் கேட்பது இதுதான்: எழுத்து வரிசைப்படி பிள்ளைகளை உட்காரவைக்க அம்மையாருக்கு யாருடைய உத்தரவு வேண்டும்? முன் பெஞ்சு ஒரு தெருவுக்கு, பின் பெஞ்சு இன்னொரு தெருவுக்கு என்று இருந்தால் அதைத் திங்கட்கிழமையே கலைத்துவிட எந்தக் கமிஷன் வரவேண்டும்? தண்ணீர்க் குழாயில் யார் முதலில் குடிக்கிறார்கள், கழிப்பறையைக் கழுவும்படி எந்தப் பிள்ளையைச் சொல்லுகிறார்கள் என்பதை இரண்டு நாள் கவனித்தால் அந்தப் பள்ளிக்கூடத்தின் முழு ஜாதகமும் தெரிந்துவிடும். ஜாதகம் பார்ப்பதானால் அம்மையார் இந்த ஜாதகத்தைப் பார்க்கட்டும்!

இன்னொன்றும் உண்டு. பிள்ளையைச் சேர்க்கும்போது ஜாதி, மதம் என்ற இடத்தை நிரப்ப விரும்பாத பெற்றோர் அதை வெறுமையாக விடலாம் என்று 1973லேயே சர்க்கார் உத்தரவு இருக்கிறது. இன்றும் எத்தனையோ பள்ளிகளில் அப்படிக் கேட்டு வருகிற பெற்றோரை ஏதோ கள்ளநோட்டு மாற்ற வந்தவரைப்போலப் பார்க்கிறார்கள். அம்மையாரிடம் அப்படி ஒருவர் வந்தால், நாற்காலி போட்டு உட்காரச்சொல்லுவார் என்று நம்புகிறோம்.

பள்ளிக்கூட வாசலில் யாரை உள்ளே விடுவது என்பதும் தலைமை ஆசிரியர் பொறுப்புத்தான். 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைத்துவந்த ஒருவர், உடல் ஊனத்துக்கும் வறுமைக்கும் போன ஜென்மத்துப் பாவமே காரணம் என்று மாணவிகளிடம் பேசினார். கண் பார்வையில்லாத ஓர் ஆசிரியர் அந்தச் சபையிலேயே எழுந்து, இது என்ன பேச்சு என்று கேட்டார். பேசியவர் பிறகு கைதானார். அப்படிப்பட்ட பேச்சுக்கு இடம்கொடுத்த இரண்டு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு மாற்றல் வந்தது. இதில் கவனிக்கவேண்டியது என்ன? வாசல் திறந்தவர்களுக்குக் கண் இருந்தது. ஆனால் உள்ளே வந்தது இன்னதென்று கண்டவர் கண்ணில்லாதவர்தான். அவருக்கு மேஜை இல்லை, அதிகாரம் இல்லை, அறிவும் துணிச்சலும் இருந்தன. ஆகவே அம்மையாருக்கு நாம் சொல்லுவது: உங்கள் பள்ளியில் உங்களை எழுந்து கேள்வி கேட்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவரை விரோதி என்று நினைக்காதீர்கள். சம்பளமில்லாத காவற்காரர் கிடைத்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி இக்கூட்டத்தில் ஒருவரும் பேசாமல், எல்லோர் மனத்திலும் இருக்கிற விஷயத்தைச் சொல்லுகிறோம். நாம் சொன்னதற்காக யாரும் வருத்தப்படவேண்டாம். அம்மையார் 22 வருஷத்துக்கு முன் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது, கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றுக்கொடுத்த மூத்த ஆசிரியை ஒருவர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சர்வீஸ் கணக்குப்படி பார்த்தால் அந்த நாற்காலி அவருக்கு வந்திருக்கவேண்டும். ஆனால் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு அய்ந்து வருஷத்துக்குக் குறைவாக இருக்கும் ஆசிரியர்கள் தகுதித் தேர்வு எழுதாமலே வேலையில் நீடிக்கலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமானால் தேறியாகவேண்டும். மற்றவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேறவேண்டும் என்பது அதன் சாரம். நமது அம்மையார் அந்தப் பரீட்சையை முன்னமே எழுதித் தேறியவர். மூத்தவருக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் பாக்கி. அவர் தேர்வு எழுதவில்லை. ஆகவே நேற்றுவரை "அக்கா" என்று அழைத்தவர், திங்கட்கிழமை முதல் அந்த அக்காவின் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டியவராகிறார்.

இந்தத் தீர்ப்புச் சரியா தப்பா என்று இங்கே தீர்க்க நாம் வரவில்லை. பரீட்சையே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். பரீட்சை ஒன்றுதான் அறிவுக்கு அளவு என்றும் சொல்லமாட்டோம். பரீட்சையை மட்டும் அளவாக வைத்தால் நான்காம் வகுப்புக்காரராகிய நாம் இந்த மேடையில் நிற்கவே முடியாது. நாம் சொல்லுவது இரண்டே வார்த்தை. மூத்தவருக்கு: உங்கள் மாணவி மாதிரி இருந்தவர் மேலே போனால் அது உங்களுக்குத் தோல்வி அல்ல, நீங்கள் கோடுபோட்டுக் காட்டிய கைதான் இனி அந்தப் பதிவேட்டில் எழுதப்போகிறது. புது அம்மையாருக்கு: கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களுக்கு வந்தது, அனுபவம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அதிகாரத்தால் ஒருவரை வேலை வாங்கலாம். யோசனை வாங்க முடியாது. யோசனை வேண்டுமானால் "அக்கா" என்றுதான் கேட்கவேண்டும். நாற்காலி வந்ததும் அந்த வார்த்தையை மறந்துவிட்டால், ஒரு பெரிய ஆசிரியையையும் இழப்பீர்கள், அந்தப் பள்ளிக்கூடமும் இரண்டு கட்சியாகும். அதில் அடிபடுவது நீங்கள் இருவருமல்ல, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

கடைசியாக, இந்த ஊராருக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் என்பது வாத்தியார் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கடையநல்லூரிலிருந்து கடல்தாண்டிச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப்போனவர்கள் என்ன செய்தார்கள்? 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். யுத்தமும் ஜப்பான்காரன் ஆதிக்கமும் வந்துபோன மறுவருஷமே, 1946இல், உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பிழைக்கப்போன இடத்தில், யுத்தம் ஓய்ந்த கையோடு, முதலில் கட்டவேண்டியது பள்ளிக்கூடம் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதுதான் பகுத்தறிவு. அது வளர்ந்து 1960 வாக்கில் தமிழிலேயே உயர்நிலைக் கல்வி கொடுக்கும் பள்ளியாயிற்று. பிறகு பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அனுப்பத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து, 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. மறுவருஷம் அங்குள்ள அரசாங்கத் தமிழ்மொழி நிலையத்துக்கு உமறுப்புலவர் பெயரை வைத்தார்கள், பெயர் நின்றது.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? பெற்றோர் விரும்பினபோது ஒன்றுமில்லாத இடத்தில் பள்ளிக்கூடம் எழும்பிற்று. பெற்றோர் விலகினபோது நல்ல ஆசிரியர்கள் இருந்தும் அது நிற்கவில்லை. இங்கேயும் அதே கதைதான். பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டம் வைத்திருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, வீட்டுக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பல இடங்களில் கேள்விப்படுகிறோம். பீடி சுற்றுகிற தாய்மார்களே! ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நீங்கள் தயங்குவது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி உங்கள் பிள்ளையின் ஒரு வருஷத்தைக் காப்பாற்றும். அம்மையார் நல்லவர்தானே, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். எவ்வளவு நல்லவரானாலும், கேட்பார் இல்லாத நாற்காலி அவரைக் கெடுத்துவிடும். அம்மையாரை நீங்கள் உண்மையாகப் பாராட்டுவதானால், சால்வையோடு நிறுத்தாமல் மாதாமாதம் போய்க் கேள்வி கேளுங்கள்.

அம்மையார் அவர்களே! உங்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே, ராகுகாலத்திலேயே, பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். நேரே நாற்காலிக்குப் போகவேண்டாம். பிள்ளைகள் சாப்பிடும் இடத்துக்குப் போய், அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, அதே சமையற்கார அம்மாளின் கையால் அதே உப்புமாவை வாங்கிச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு பதிவேட்டைத் திறந்து, சில வாரங்களாக வராமலிருக்கிற பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அன்று சாயங்காலமே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மூத்த ஆசிரியையோடு அந்த வீடுகளுக்குப் போங்கள். அந்த வீடுகளில் ஏதாவது ஒன்றில், தகப்பன் படுக்கையில் கிடக்க, ஒரு பையன் தார் சுற்றிக்கொண்டிருப்பான். அவன் பேரை அடிக்காதீர்கள். அவனைக் கூப்பிடுங்கள். நமக்கு நடக்காதது அவனுக்கு நடக்கட்டும்.

நாம் சொன்னவைகளை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து பார்த்துச் சரியென்று பட்டதை மாத்திரம் ஒப்புக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.